2010–2019 அமெரிக்க விளையாட்டு: பெரிய திருப்பங்கள் எப்படி நடந்தன? கணக்கோடு பேசுவோம்

#1 | மணிக்கூண்டு

2010 முதல் 2019 வரை அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டிலும் கல்லூரி விளையாட்டிலும் நடந்த பெரிய சாதனைகளை இந்த இழையில் சேர்ப்போம். ஒரே நிபந்தனை: "அதிசயம்", "சாபம் நீங்கியது" என்று எழுதி முடிக்க வேண்டாம். எந்த நிமிடத்தில், யார் எடுத்த முடிவால், ஏன் நடந்தது என்று எழுதுங்கள்.

நான் 51ஆவது சூப்பர் பவுலில், அதாவது அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியில் தொடங்குகிறேன். 2017 பிப்ரவரி 5, ஹூஸ்டன். மூன்றாம் கால்பகுதியில் எட்டரை நிமிடம் மிச்சம். அட்லாண்டா ஃபால்கன்ஸ் 28, நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 3. முடிவில் 34–28 என பேட்ரியாட்ஸ் வென்றது. கூடுதல் நேரத்துக்குப் போன முதல் சூப்பர் பவுலும் அதுதான்.

பேட்ரியாட்ஸில் பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் டாம் பிரேடி 62 முறை வீசி 43 பிடிபட்டன, 466 யார்டு. எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமான எண் வேறு: அன்று நியூ இங்கிலாந்து தாக்குதல் ஆடியது 93 முறை, அட்லாண்டா 46 முறை. அதாவது அட்லாண்டாவின் தடுப்பு வீரர்கள் எதிரணித் தடுப்பைப் போல இரண்டு மடங்கு உழைத்தார்கள். முதல் பாதி முடியும் தறுவாயில் அட்லாண்டாவின் ராபர்ட் ஆல்ஃபர்ட் பந்தை இடைமறித்து 82 யார்டு ஓடி டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்ப்பது, ஆறு புள்ளி) அடித்தாரே, அதுகூட இந்தச் சுமையைக் கூட்டியது. புள்ளி கிடைத்தது சரி, ஆனால் அவர்களுடைய தாக்குதல் அணி களமிறங்கவே இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்த தடுப்பு அணியே உடனே திரும்ப வர வேண்டியதாயிற்று. நான்காம் கால்பகுதியில் முன்வரிசைக்குப் பிரேடியை நெருங்கக் கால் எழவில்லை.

இன்னொன்று, பேட்ரியாட்ஸ் தடுப்பு வீரர் டான்டா ஹைடவர். நான்காம் கால்பகுதியில் எட்டரை நிமிடம் இருக்கும்போது அட்லாண்டாவுக்கு மூன்றாம் முயற்சி (நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும்), வேண்டியது ஒரே ஒரு யார்டு. ஓடாமல் பின்வாங்கி வீசப் பார்த்தார்கள். ஹைடவரை மறிக்க வேண்டிய டெவான்டா ஃப்ரீமன் தவறவிட்டார். அட்லாண்டாவுக்காக வீசும் மாட் ரையன் கையிலிருந்து பந்து தெறித்தது. அதுவரை 28–12. அங்கிருந்துதான் ஆட்டம் சாய்ந்தது.

#2 | கபிலன்_77

மணிக்கூண்டு அண்ணா, ஹைடவர் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆட்டம் உண்மையில் கைவிட்டுப் போனது அதற்குப் பிறகு. 28–20 ஆன பின்னும் ஃபால்கன்ஸ் தோற்றிருக்க வேண்டியதில்லை.

ஃபால்கன்ஸின் ஜூலியோ ஜோன்ஸ் எல்லைக்கோட்டருகே அந்தரத்தில் பிடித்த பந்தால் எதிரணியின் 22ஆம் யார்டில் நிற்கிறார்கள். நேரம் 4:40. ஒரு ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைப்பது, மூன்று புள்ளி) விழுந்தால் 31–20. எட்டுப் புள்ளியை ஒரு டச்டவுனும் இரண்டு புள்ளி முயற்சியும் சேர்த்து ஈடுகட்டிவிடலாம். பதினொன்று என்றால் எதிரணி இரண்டு தடவை வந்து அடிக்க வேண்டும். அதற்கு நேரம் போதாது.

கோல்கம்பம் பத்து யார்டு பின்னால் இருக்கிறது, பந்தை ஊன்றுவது ஏழு யார்டு பின்னால். ஆகவே நிற்கும் இடத்தோடு 17 சேர்த்தால் உதைக்கும் தூரம். இனி பாருங்கள்:

முதல் முயற்சி, ஃப்ரீமன் ஓட்டம், ஒரு யார்டு நஷ்டம். உதை 40 யார்டு.
இரண்டாவது, வீசப் பின்வாங்கினார்கள். ட்ரே ஃப்ளவர்ஸ் ரையனைச் சாய்த்தார், 12 யார்டு நஷ்டம். உதை 52 யார்டு.
மூன்றாவது, ஜேக் மேத்யூஸ் எதிராளியைப் பிடித்து இழுத்ததற்கு 10 யார்டு தண்டனை. உதை 62 யார்டு.

உதைப்பவர் மாட் பிரையன்ட் 40 யார்டைத் தூக்கத்தில்கூட அடிப்பார். 52 கடினம், முடியாததல்ல. 62 என்றால் யோசிக்கவே வேண்டாம். மீண்டும் நடந்த மூன்றாம் முயற்சியில் வீசிய பந்தும் விழ, எதிரணிக்கே உதைத்துக் கொடுத்தார்கள். பேட்ரியாட்ஸ் 91 யார்டு நடந்து வந்து சமன் செய்தது.

அட்லாண்டாவின் தாக்குதல் ஆட்டங்களை அழைத்த பயிற்சியாளர் கைல் ஷானஹன் மூன்று தடவையும் ஓடியிருக்க வேண்டும் என்பார்கள். முதல் ஓட்டமே பின்னால் போனதே, அதைச் சேர்த்துக்கொண்டுதான் தீர்ப்பு சொல்ல வேண்டும். இருந்தாலும் இரண்டாம் முயற்சியில் ஆழமாக வீசுவது போன்ற ஆட்டத்தை அழைத்தது தப்பு. ஒரு வேகமான குட்டி வீச்சு போதும், விழுந்தாலும் தூரம் கூடாது.

#3 | கூடையடி

கூடைப்பந்துக்கு வருகிறேன். 2016 என்பிஏ இறுதித்தொடர். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அந்தப் பருவத்தில் 73–9. 1995–96 சிகாகோ புல்ஸின் 72–10 ஐ உடைத்த அணி. தொடக்கமே 24 வெற்றி. ஸ்டெஃப் கரி 402 த்ரீ (தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளிக் கூடை) அடித்தார், அதற்கு முந்தைய சாதனை அவருடைய சொந்த 286. அப்படிப்பட்ட அணி 3–1 என முன்னிலையில் இருந்து கிளீவ்லண்ட் கவலியர்ஸிடம் 4–3 என்று தோற்றது. என்பிஏ இறுதித்தொடரில் 3–1 பின்தங்கியிருந்து யாரும் அதற்கு முன் மீண்டதில்லை.

எப்படி? மூன்று காரணங்கள், முக்கியத்துவ வரிசையில் அல்ல.

வாரியர்ஸின் டிரேமண்ட் கிரீன். முரட்டு ஃபவுலுக்குப் புள்ளிகள் சேர்ந்துகொண்டே வரும். பிளேஆஃபில் நான்கு சேர்ந்தால் ஓர் ஆட்டத்துக்குத் தடை. நான்காம் ஆட்டத்தில் கிளீவ்லண்டின் லெப்ரான் ஜேம்ஸோடு நடந்த உரசலை லீக் பிறகு பார்த்து முரட்டு ஃபவுலாக உயர்த்தியது, கணக்கு நிரம்பிவிட்டது. ஐந்தாம் ஆட்டத்தில் கிரீன் இல்லை. லெப்ரான் 41, அவருடைய அணியின் கைரி அர்விங் 41. அதே ஆட்டத்தில் வாரியர்ஸின் ஆண்ட்ரூ போகட்டின் முழங்காலும் போனது. கூடையைக் காக்கும் பெரியவர் இல்லாமல் மீதித் தொடர்.

அடுத்து வாரியர்ஸின் ஹாரிசன் பார்ன்ஸ். கடைசி மூன்று ஆட்டங்களில் 32 எறிந்து 5. கிளீவ்லண்ட் அவரைத் திறந்துவிட்டு, அவரைக் காக்க வேண்டியவரைக் கரி மேல் ஏவியது. ஒருவரின் கை உறைந்தால் மற்ற நால்வருக்கும் இடம் குறையும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

மூன்றாவது, கிளீவ்லண்ட் பயிற்சியாளர் டைரன் லூ விடாமல் செய்த ஒன்று. கரி யாரைக் காக்கிறாரோ அந்த ஆளை வைத்தே ஸ்க்ரீன் (காப்பவரின் வழியில் நின்று மறிப்பது) போடச் சொன்னார். வாரியர்ஸ் ஆள் மாற்றிக் காப்பவர்கள், ஆகவே ஒவ்வொரு தடவையும் கரி வந்து கைரியையோ லெப்ரானையோ காக்க வேண்டும். ஏழாம் ஆட்டத்தில் 53 நொடி இருக்கும்போது கைரி அடித்த த்ரீ இப்படிப் பிறந்ததுதான். ஜே. ஆர். ஸ்மித் ஸ்க்ரீன், கைரியைக் காத்த கிளே தாம்சன் இடத்துக்குக் கரி, கைரி வலப்பக்கம் ஒதுங்கி எறிந்தார். 92–89.

அதே ஆட்டத்தில் லெப்ரான் செய்த புகழ்பெற்ற தடுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாரியர்ஸின் இகுவோடலா ஓடிவந்து கூடையில் போட எழும்போது 1:50. முன்னால் கை நீட்டியவர் ஜே. ஆர். ஸ்மித். அவரைத் தவிர்க்க இகுவோடலா பந்தைக் கீழே இறக்கி ஏற்றினார். அந்த அரைக் கணத்தில்தான் லெப்ரான் பின்னாலிருந்து எட்டினார். ஸ்மித் இல்லையென்றால் அந்தத் தடுப்பு இல்லை. படத்தில் மட்டும் அவரை யாரும் பார்ப்பதில்லை.

#4 | மணிக்கூண்டு

அருமை. 89–89 ஆன பிறகு வாரியர்ஸ் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி நான்கரை நிமிடத்துக்கு மேல் வெறும் பூஜ்யம்.

#5 | கூடையடி

ஆம். அதே வாரியர்ஸ் அதற்கு முந்தைய சுற்றான மேற்குப் பிரிவு இறுதியில் ஓக்லஹோமா சிட்டியிடம் 3–1 பின்தங்கி மீண்டது, ஆறாம் ஆட்டத்தில் கிளே தாம்சன் 11 த்ரீ. அந்த ஏழு ஆட்டங்களின் களைப்பு ஜூன் மாதம் காலில் தெரிந்தது என்பது என் கருத்து.

#6 | இடதுகை

இதே 2016இல் இதே கிளீவ்லண்ட் நகரம் மறுபக்கம் நின்றது. பேஸ்பால் உலகத்தொடரில் இந்தியன்ஸ் 3–1 முன்னிலை, சிகாகோ கப்ஸ் 4–3 வெற்றி. கப்ஸுக்கு 1908க்குப் பிறகு முதல் பட்டம். ஏழாம் ஆட்டம் நவம்பர் 2, பத்து இன்னிங்ஸ், 8–7.

பேஸ்பாலில் கடிகாரம் இல்லை. அங்கே தேய்வது பிட்சரின், அதாவது பந்து வீசுபவரின் தோள். அந்தத் தொடரை இரு பக்கமும் தோள் கணக்காகவே படிக்கலாம்.

கிளீவ்லண்ட் பக்கம்: பிட்சர்களில் காரஸ்கோ காயத்தில், சலசார் முழுத் தகுதியில் இல்லை. ஆகவே கோரி குளூபர் 1, 4, 7 ஆட்டங்களைத் தொடங்கினார். ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூன்றே நாள் ஓய்வு, வழக்கம் நான்கு. முதல் இரண்டிலும் ஜொலித்தார். ஏழாம் ஆட்டத்தில் ஒருவரைக்கூட ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுவது) செய்யவில்லை. முதல் பேட்ஸ்மேன் டெக்ஸ்டர் ஃபவுலரே ஹோம் ரன் (நான்கு தளமும் சுற்றும் அடி) அடித்தார். பந்தின் வளைவு மழுங்கினால் மட்டை தவறாது.

சிகாகோ பக்கம்: கடைசி இன்னிங்ஸ்களில் இறங்கும் பிட்சர் அரோல்டிஸ் சாப்மன். ஐந்தாம் ஆட்டத்தில் எட்டு அவுட் எடுக்க 42 வீச்சு. அது தேவை, தோற்றால் தொடர் போச்சு. ஆனால் ஆறாம் ஆட்டத்தில் 7–2 முன்னிலையில் கப்ஸ் பயிற்சியாளர் ஜோ மேடன் அவரை மறுபடி இறக்கி 20 வீச்சு செலவழித்தார். அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. மறுநாள் எட்டாம் இன்னிங்ஸ், 6–3, இரண்டு அவுட். சாப்மன் வந்தார். கிளீவ்லண்டின் கையர் அடித்த டபுளில் (இரண்டாம் தளம் வரை ஓடும் அடி) 6–4. அடுத்து ரஜாய் டேவிஸ், மட்டையை மேலே ஏற்றிப் பிடித்து இடது கம்பத்துக்கு உள்ளே ஹோம் ரன். 6–6. சாப்மனின் வேகம் வழக்கமான அளவில் இல்லை.

பிறகு 17 நிமிட மழை இடைவேளை. அதில் வீரர்கள் கூடிப் பேசியதைத்தான் எல்லோரும் எழுதினார்கள். எனக்குப் பத்தாம் இன்னிங்ஸின் சிறு அசைவு ஒன்றே பெரியது. கப்ஸின் கைல் ஷ்வார்பர் சிங்கிள் (முதல் தளம் வரை ஓடும் அடி). அவர் ஏப்ரலில் முழங்கால் தசைநார் கிழிந்து உலகத்தொடருக்குத்தான் திரும்பியவர், அதனால் ஓட ஆல்பர்ட் அல்மோரா. கிரிஸ் பிரையன்ட் ஆழமாக மைய மைதானத்துக்கு அடித்தார், பிடிபட்டது. அல்மோரா பாதி தூரம் போய் நிற்காமல் முதல் தளத்திலேயே காலை ஊன்றி நின்று, பிடிபட்டதும் இரண்டாம் தளத்துக்கு ஓடினார். முதல் தளம் காலியானது. ஆகவே கிளீவ்லண்ட் அடுத்த பேட்ஸ்மேன் ரிஸோவுக்கு வீசாமல் அவரை வேண்டுமென்றே முதல் தளத்துக்கு நடக்கவிட்டது. அடுத்து வந்த பென் ஸோப்ரிஸ்ட் இடது கோட்டோரம் டபுள். அல்மோரா ஓடி வந்தார், 7–6. மொன்டெரோவின் சிங்கிள் எட்டாவது ரன். அல்மோரா நகராமல் இருந்திருந்தால் ரிஸோவுக்கு வீசியிருப்பார்கள், கதை வேறு.

#7 | கபிலன்_77

இடதுகை, களைத்த தோள் தோற்கும் என்றால் 2014இல் மேடிசன் பம்கார்னர் எப்படி?

#8 | இடதுகை

நல்ல கேள்வி. அவர் சான்பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் பிட்சர், சொல்வது அந்த ஆண்டு உலகத்தொடர், எதிரணி கான்சஸ் சிட்டி ராயல்ஸ். ஐந்தாம் ஆட்டத்தில் ஒன்பது இன்னிங்ஸும் வீசி, 117 வீச்சில் ரன்னே கொடுக்கவில்லை. இரண்டே நாள் ஓய்வில் ஏழாம் ஆட்டம், கான்சஸ் சிட்டியில், 3–2 முன்னிலையைக் காக்க ஐந்தாம் இன்னிங்ஸில் இறங்கி ஐந்து இன்னிங்ஸ் வீசினார். 68 வீச்சு. தொடர் முழுக்க 21 இன்னிங்ஸ், ஒரே ரன்.

வேறுபாடு வீசும் முறையில். சாப்மன் முழு வேகத்தை நம்பிச் சில நிமிடம் வீசுபவர். சற்றே வேகம் குறைந்தாலும் அவரிடம் மாற்று குறைவு. பம்கார்னர் நீண்ட நேரம் வீசப் பழகிய உடம்பு. அன்று அவர் செய்தது, கண்மட்டத்துக்கு உயரமாக வேகப்பந்து வைத்து ராயல்ஸ் வீரர்களைத் துரத்தவிட்டது. கடைசி பேட்ஸ்மேன் சல்வடோர் பெரஸிடமும் அதே உயரம். அவர் மேலே தூக்கினார், சாண்டோவல் பிடித்தார்.

அவருக்கு முந்தைய பேட்ஸ்மேன் அலெக்ஸ் கோர்டன் அடித்ததை வெளிமைதானத்தார் தவறவிட, மூன்றாம் தளத்தில் பயிற்சியாளர் அவரை நிறுத்தினார். நிறுத்தியது சரி என்பதே என் முடிவு. பந்து இடைநிலையாளர் கிராஃபோர்டின் கைக்கு வந்துவிட்டது. ஓடியிருந்தால் பல அடி தூரத்தில் அவுட்.

#9 | ராகவி

பத்தாண்டு என்று தலைப்பு, இதுவரை தொழில்முறை ஆண்கள் மட்டும்தான். கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தில் கனெடிகட் பல்கலைக்கழகம் தொடர்ந்து 111 வென்றதை யாரும் தொடவில்லையே.

2014 நவம்பரில் ஸ்டான்ஃபோர்டிடம் கூடுதல் நேரத்தில் 88–86 தோல்வி. அதன் பின் 2017 மார்ச் 31 வரை தோல்வியே இல்லை. நடுவில் அணி உருமாறியதைக் கவனியுங்கள். பிரியானா ஸ்டூவர்ட், மோரியா ஜெஃபர்சன், மார்கன் டக் மூவரும் 2016இல் படிப்பு முடித்துப் போனார்கள், டபிள்யுஎன்பிஏ (பெண்கள் தொழில்முறை லீக்) புதிய வீராங்கனைகளைத் தேர்ந்தெடுத்ததில் முதல் மூன்று இடமும் அவர்களுக்கே. ஸ்டூவர்ட் நான்கு ஆண்டில் நான்கு பட்டம். அப்படிப்பட்ட மூவர் போனதும் எந்தக் கல்லூரியும் இரண்டு ஆண்டு தடுமாறும். கனெடிகட் அடுத்த பருவம் 36–1. நபீசா காலியர், காட்டி லூ சாமுவல்சன், கேபி வில்லியம்ஸ், கியா நர்ஸ் என்று முன்பே பின்வரிசையில் வளர்ந்தவர்கள். பயிற்சியாளர் ஜீனோ ஆரியெம்மாவின் முறை இதுதான்: பயிற்சியில் ஆண்களை எதிராக நிறுத்தி ஆடவைப்பது, முன்னிலை முப்பதானாலும் தடுப்பில் கால் தளர்த்தவிடாதது.

அந்த ஒரு தோல்வி மிசிசிப்பி ஸ்டேட்டிடம், அரையிறுதியில், 66–64. முந்தைய ஆண்டு அதே அணியை 98–38 என்று அடித்திருந்தார்கள். கூடுதல் நேரத்தின் கடைசியில் முரட்டு ஃபவுல் அழைப்பால் சமன் செய்யவும் முடிந்தது, பந்தும் கனெடிகட்டிடமே இருந்தது. கடைசி எறிதலுக்குக் காத்திராமல் அந்த வாய்ப்பை அவசரத்தில் வீணாக்கினார்கள். மிசிசிப்பி ஸ்டேட்டின் ஐந்தடி ஐந்தங்குல மார்கன் வில்லியம் மறுபுறம் ஓடிவந்து மணி ஒலிக்கும்போது எறிந்தார். நெருக்கடியான முடிவை அரிதாகவே ஆடிய அணிக்கு நெருக்கடியில் நேரத்தைக் கையாளும் பழக்கம் இல்லாமல் போனது என்று நினைக்கிறேன்.

ஒரே இரவில் மீள்வது பெரிது. இரண்டரை ஆண்டு ஒரு மோசமான இரவுகூட வராமல் பார்த்துக்கொள்வது அதைவிடப் பெரிது.

#10 | மணிக்கூண்டு

ராகவி, ஏற்றுக்கொள்கிறேன். "திருப்பம்" என்று தலைப்பு வைத்ததே குறுகிய பார்வை.

#11 | தென்கரை

கல்லூரி ஆண்கள் கூடைப்பந்துத் தேசியப் போட்டி, 2018 மார்ச் 16, சார்லட். மேரிலண்ட் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கிளை, அதாவது யுஎம்பிசி, 16ஆம் தரம் (அணிகளை வலுப்படி 1 முதல் 16 வரை தரம் பிரிப்பார்கள்). எதிரே முதல் தரத்தில் வர்ஜீனியா. ஆண்கள் போட்டியில் அதுவரை முதல் தரம் 16ஆம் தரத்திடம் 135–0. முடிவு 74–54. தோற்றது மட்டுமல்ல, இருபது புள்ளியில்.

அப்போதைய வர்ஜீனியா மெதுவாக ஆடும் அணி. ஒவ்வொரு தடவையும் கடிகாரத்தைக் கரைத்து எறிவார்கள், தடுப்பில் கூடையைச் சுற்றி நெருங்கி நிற்பார்கள். வலுவான அணி இப்படி ஆடினால் ஒரு சிக்கல்: மொத்த வாய்ப்புகள் குறைவு, ஆகவே எறிதல் விழாத ஒரு நாளில் மீள இடமில்லை. சுண்டும் நாணயத்தை நூறு தடவைக்குப் பதில் பத்துத் தடவை சுண்டுவது மாதிரி. உள்ளே நெருங்கி நிற்பதால் வெளியே த்ரீ திறந்திருக்கும். யுஎம்பிசி 24 எறிந்து 12, வர்ஜீனியா 22 எறிந்து 4. ஜைரஸ் லைல்ஸ் 28 புள்ளி. இடைவேளையில் 21–21, பிறகு இரண்டாம் பாதியில் மட்டும் யுஎம்பிசி 53. வர்ஜீனியா அந்தப் பருவத்தில் ஒரு முழு ஆட்டத்துக்கே சராசரியாக அவ்வளவுதான் கொடுத்தது. வர்ஜீனியாவின் டியாண்ட்ரே ஹன்டர் மணிக்கட்டு உடைந்து ஆடவில்லை, நீளமான கையோடு வெளியே ஓடிக் காக்கும் ஆள் அவர்தான்.

வர்ஜீனியாவின் அன்றைய பயிற்சியாளர் டோனி பென்னட் முறையை மாற்றவில்லை. 2019இல் அதே தடுப்போடு பட்டம். அரையிறுதியில் ஆபர்னுக்கு எதிராக 0.6 நொடி இருக்க கைல் கை மூன்று ஃப்ரீத்ரோவையும் போட்டு 63–62. இறுதியில் டெக்சஸ் டெக்கைக் கூடுதல் நேரத்தில் 85–77 என வென்றது, ஹன்டர் 27 புள்ளி.

#12 | கபிலன்_77

ஆபர்ன் என்றதும் 2013 நவம்பர் 30. கல்லூரி அமெரிக்கக் கால்பந்தில் அலபாமாவும் ஆபர்னும் 28–28. ஆட்டம் முடிந்ததாகக் கடிகாரம் காட்டியது, மறுபரிசீலனையில் ஒரு நொடி திரும்பக் கிடைத்தது. அலபாமாவின் பயிற்சியாளர் நிக் சேபன் 57 யார்டு ஃபீல்டு கோல் முயன்றார். வழக்கமாக உதைக்கும் கேட் ஃபாஸ்டர் அன்று மூன்றும் தவறியதால் புதியவர் ஆடம் கிரிஃபித்தை அனுப்பினார்.

இதில் ஒரு விதியை மறக்கக் கூடாது. உதை குறுகி விழுந்தால் பந்து செத்துவிடாது, எதிரணி பிடித்து ஓடலாம். ஆபர்னின் பயிற்சியாளர் கஸ் மால்சான் டைம்அவுட் எடுத்துப் பின்னால் பந்து திருப்பி ஓடிப் பழகிய கிரிஸ் டேவிஸை நிறுத்தினார். உதைக்கும் அணியில் இருப்பவர்கள் தடுக்க நிற்கும் கனத்த உடம்புக்காரர்கள், துரத்திப் பிடிக்கப் பயிற்சி இல்லாதவர்கள். டேவிஸ் இடது ஓரத்தைப் பிடித்ததும் அவர்களால் எட்ட முடியவில்லை. 34–28. ஓடியது 109 யார்டு, கல்லூரிக் கணக்கேட்டில் அதிகபட்சம் 100 என்பதால் 100 என்று பதிவு.

முந்தைய ஆண்டு ஆபர்ன் 3–9. ஓர் ஆண்டில் தேசிய இறுதி வரை போனார்கள்.

#13 | கூடையடி

கடைசியாக ஒன்றைச் சேர்க்கிறேன், சண்டை வரும் என்று தெரியும். 2012 நவம்பர் 20, கிரினெல் கல்லூரியின் ஜாக் டெய்லர் ஒரு கூடைப்பந்து ஆட்டத்தில் 138 புள்ளி. 108 எறிந்து 52. அதில் த்ரீ 71க்கு 27. ஃப்ரீத்ரோ 7. இரண்டு பெருக்கல் 52, கூட்டல் 27, கூட்டல் 7, சரியாக 138. 36 நிமிடம்தான் ஆடினார். அணி மொத்தம் 179–104.

கிரினெலின் அன்றைய பயிற்சியாளர் டேவிட் ஆர்சனோவின் முறை இது: ஓர் ஆட்டத்துக்கு 94 எறிதல், அதில் 47 த்ரீ, தவறியதில் மூன்றில் ஒன்றைத் திரும்ப எடுக்க வேண்டும், எதிரணியிடம் 32 பந்து பறிக்க வேண்டும், எதிரணியைவிட 25 எறிதல் அதிகம். இதற்காக மைதானம் முழுக்க அழுத்திப் பிடிப்பார்கள், ஒரு நிமிடத்துக்கொரு தடவை ஐவரையும் சேர்த்து மாற்றுவார்கள். அழுத்தம் உடைந்தால் எதிரணிக்கு எளிய கூடை, அதையும் கணக்கில் ஏற்றுக்கொண்டே ஆடுவார்கள். அன்றும் எதிரணியில் ஒருவர் 70 எடுத்தார்.

#14 | ராகவி

எதிரணி மிகச் சிறிய பைபிள் கல்லூரி. மற்ற நான்கு பேரும் ஒருவருக்காகவே பந்தைத் திருப்பினார்கள். என் பட்டியலில் அதற்கு இடமில்லை.

#15 | கூடையடி

எதிரணி பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் 36 நிமிடத்தில் 108 தடவை, அதாவது இருபது நொடிக்கொரு தடவை எழும்பி எறிவதைச் செய்து பார்த்தால் தெரியும். பாதியில் தொடை விட்டுப்போகும், தொடை விட்டால் த்ரீ எல்லாம் வளையத்தின் முன்விளிம்பில் இடிக்கும். அவர் இரண்டாம் பாதியில் 80 எடுத்தார். முதல் பாதி 58.